யார் பாட்டு, யார் பெயர்? தாமிரபரணிக் கரையிலிருந்து இளையராஜாவைக் கேட்பது

சீவலப்பேரி என்றதும் சினிமா பார்க்கிறவர்களுக்கு நினைவுக்கு வருவது 1994-இல் வந்த ‘சீவலப்பேரி பாண்டி’. ஜூனியர் விகடனில் சௌபா எழுதிய தொடரிலிருந்து பிரதாப் போத்தன் எடுத்த படம். அதற்கு இசை ஆதித்யன். ஊர்ப் பெயர் தலைப்பிலேயே இருக்கிற ஒரே படத்துக்கு ராஜா இசையமைக்கவில்லை. ஆனாலும் அந்த ஊரில் ஒரு கொடை விழா நடந்தால், ஒரு சடங்கு வீடு நடந்தால், ஆற்றங்கரையில் ஒரு டிராக்டர் மணலில் நின்றால், ரேடியோ செட்டிலிருந்து வருவது பெரும்பாலும் ராஜா பாட்டுத்தான். தாமிரபரணிக் கரையில் பாபநாசத்திலிருந்து புன்னக்காயல் வரைக்கும் இதில் பெரிய வித்தியாசம் இருக்காது.

இலக்கியம் படித்தவர்களுக்கு இதே ஊர் வேறொரு பெயரில் தெரியும்: முக்கூடல். சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கிற இந்த இடத்தைப் பற்றித்தான் ‘முக்கூடற் பள்ளு’ பாடுகிறது. பதினேழாம் நூற்றாண்டு வாக்கில் எழுந்ததாகச் சொல்லப்படும் நூல். நெல் வகை, மாட்டு வகை, மீன் வகை என்று அடுக்கிக்கொண்டே போகும். உழைக்கிறவனின் வீட்டுச் சண்டையை, இரண்டு மனைவிகளின் ஏச்சுப் பேச்சை, நகைச்சுவையாகச் சொல்லும். நடுவில் பண்ணைக்காரன் வருவான். வேலையில் குறை கண்டு குடும்பனின் காலைக் கட்டையில் மாட்டுவான். தமிழ்ப் பேராசிரியர்கள் இதன் சந்தத்தை வியந்து வியந்து எழுதியிருக்கிறார்கள். கட்டையில் மாட்டப்பட்ட காலைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. இயற்றியவர் பெயர் உறுதியாகத் தெரியாது. ஆனால் வயலில் நின்றவர் இயற்றியதில்லை என்பது நூலின் தொனியிலேயே தெரிகிறது. நாற்று நடுகிறவர்களின் பாட்டு, மெட்டு, பேச்சு எல்லாம் அதில் இருக்கிறது. அவர்களுக்கு அதில் பாத்தியதை இல்லை.

இளையராஜாவைப் பற்றிப் பேச இங்கிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. அவர் எழுந்து வந்த கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் பண்ணைப்புரத்தில் தொடங்கி, மேதைமை என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இடையில் இருப்பது பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. அந்தக் கேள்விக்குச் சாதி உண்டு.

1943-இல் பிறந்தவர். பண்ணைப்புரம் அன்றைய மதுரை மாவட்டத்து ஊர், இப்போது தேனி. அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளின் பாடகர். இந்த அண்ணனை விட்டுவிட்டு ராஜாவின் இசையைப் புரிந்துகொள்ள முடியாது. கட்சிக் கூட்டம் என்றால் பேச்சாளர் வருவதற்கு முன் கூட்டத்தைச் சேர்க்க வேண்டும். வந்த கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு, மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டு வேண்டும்; அதில் புதுச் சொல் வேண்டும். நடவுப் பாட்டும் தாலாட்டும் சினிமா மெட்டும் அரசியலுக்கு வந்தது இப்படி. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடம் பாவலரின் பாட்டு போய்ச் சேர்ந்தது. ரோசம்மா புன்னூஸ் வென்றார். பதின்வயதில் அந்தக் குழுவில் சேர்ந்த தம்பி, பத்தாண்டுக்கு மேல் ஊர் ஊராகச் சுற்றினார். ஆர்மோனியம் வாசித்தார், பெண் குரலில் பாடினார். சபாவோ குருகுலமோ சேர்த்துக்கொள்ளாத ஒரு பையனுக்கு இசைப் பள்ளியாக இருந்தது செங்கொடி மேடை. இன்றைக்கு அவரைக் கொண்டாடும் பல மேடைகளில் இதை விழுங்கிவிடுகிறார்கள்.

சபா சேர்த்திருக்காது என்று சொன்னால் மிகைப்படுத்துகிறோம் என்பார்கள். ராஜா பிறந்த அதே காலத்துத் தமிழிசைச் சண்டையை நினைத்துப் பாருங்கள். 1946-இல் திருவையாற்றில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடியதால் மேடையே தீட்டாகிவிட்டது என்று பேசியவர்களைக் கண்டித்துப் பெரியாரின் ‘குடிஅரசு’ எழுத வேண்டியிருந்தது. தேசிகர் ஓதுவார் மரபில் வந்தவர், பெரும் புகழ் பெற்றவர். அவருக்கே அந்தக் கதி. தோல் பதப்படுத்தி மிருதங்கம் செய்து கொடுக்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய நூலின் வெளியீட்டுக்கு, கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது 2020-இல்.

அம்மா சின்னத்தாய் வீட்டு வானொலிப் பெட்டியை விற்றுக் கொடுத்த 400 ரூபாயோடு சென்னைக்கு வந்த கதையை ராஜாவே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். சென்னையில் அவருக்கு வாசல் திறந்தது தன்ராஜ் மாஸ்டரின் மயிலாப்பூர் அறை. அங்கே கற்றது மேற்கத்திய இசை, நோட்டேஷன். ட்ரினிட்டி இசைக் கல்லூரியின் கிதார் தேர்வு எழுதினார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கர்நாடக இசையில் வித்தை குருவின் வாயிலிருந்து சீடனின் காதுக்குப் போகிறது. குரு யாரைத் திண்ணையில் ஏற்றுவார் என்பதைப் பிறப்பு முடிவு செய்யும். ஐரோப்பிய இசை தாளில் இருக்கிறது. தாளுக்கு யார் படிக்கிறார்கள் என்று தெரியாது. தேர்வு எழுதினால் லண்டனிலிருந்து சான்றிதழ் வரும். அம்பேத்கருக்குக் கொலம்பியாவும் லண்டனும் கொடுத்ததுபோல, ராஜாவுக்குப் பாக்கும் மொசார்ட்டும் ஊரைச் சுற்றிப் போகிற ஒரு வழியைக் கொடுத்தார்கள். பிறகு ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. 1976-இல் பஞ்சு அருணாசலம் ‘அன்னக்கிளி’யைக் கொடுத்தார், பெயரில் ‘இளைய’வையும் சேர்த்தார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும், வேகமாகத் தாண்டிவிடலாம். ‘ஆராதனா’வும் ‘பாபி’யும் ஒலித்த டீக்கடைகளில் தமிழ்ப் பாட்டு திரும்பி வந்தது. கேசட் வந்தது, பாட்டு வீட்டுக்கு வந்தது. ஆயிரம் படங்களுக்கு மேல். ‘ஹவ் டு நேம் இட்’, ‘நத்திங் பட் விண்ட்’, 2005-இல் ‘திருவாசகம்’. ஐந்து தேசிய விருதுகள். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு அவருடைய ‘வேலியண்ட்’ சிம்பொனி.

நிறுத்தி நிதானமாகக் கேட்க வேண்டியது அவர் பாட்டுக்குள் என்ன செய்தார் என்பதை. அவருக்கு முன்பும் சினிமாவில் கிராமியப் பாட்டு உண்டு. பெரும்பாலும் அது நகைச்சுவைக்கு, அல்லது நாயகி வயலில் குதிக்க. உறுமியோ பறையோ வந்தால் கூடவே ஒரு கோமாளித்தனமும் வரும். ராஜா அந்தத் தாளத்தைப் பாட்டின் முதுகெலும்பாக வைத்தார். மேலே வயலின்கள் ஒன்றுக்கொன்று எதிராக ஓடும். கீழே பேஸ் கிதார் தனியாக ஒரு பாட்டே பாடிக்கொண்டிருக்கும். நடுவில் தாலாட்டு மெட்டு. எதுவும் எதற்கும் தலைகுனிந்து நிற்காது. சேரித் தாளமும் அக்ரகார ராகமும் ஐரோப்பிய ஹார்மனியும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தில், ஒரே நேரத்தில் வாசிக்கப்பட்டன. ‘சிந்து பைரவி’யில் (1985) தியாகராயரின் காம்போதிக் கீர்த்தனையை எடுத்துச் சாரமதி ராகத்தில் போட்டார்; அதோடு ஒரு நாட்டுப்புற மெட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். சங்கீத வட்டாரம் முணுமுணுத்தது. தேசிய விருது கிடைத்தது. கோயில் நுழைவுப் போராட்டம் என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம், ஏனென்றால் இங்கேதான் சிக்கல்.

தென்மாவட்டத்தில் கொடை விழா ரேடியோ செட் வெறும் பொழுதுபோக்குச் சாமான் கிடையாது. கூம்புக் குழாய் எந்தத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைக்கப்படுகிறது, எந்தப் பாட்டு எந்தத் தெரு முனையில் போடப்படுகிறது, ஊர்வலம் எங்கே மெதுவாக நகர்கிறது என்பதெல்லாம் அரசியல். கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்தைப் போலவே பாட்டுக்கும் நிறம் உண்டு. அந்தப் பட்டியலில் முப்பது ஆண்டாக முதலிடத்தில் இருக்கிற பாட்டு ‘தேவர் மகன்’ (1992) படத்தின் போற்றிப் பாட்டு. அதற்கு மெட்டுப் போட்டவர் இளையராஜா.

இதைச் சொல்லாமல் அவருடைய பாரம்பரியத்தைப் பேசுவது நேர்மையில்லை. எழுதியவர் வாலி, படம் கமல்ஹாசனுடையது, இசையமைப்பாளர் கேட்டதைக் கொடுத்தார் என்று வாதிடலாம். படத்தின் முடிவு அரிவாளைக் கீழே போடச் சொல்கிறது என்றும் சொல்லலாம். ஆனால் தெருவில் படத்தின் முடிவை யாரும் ஒலிபரப்புவதில்லை. பாட்டைத்தான் போடுகிறார்கள். நன்றாக இருப்பதால்தான் போடுகிறார்கள், மோசமான மெட்டாக இருந்தால் 1993-லேயே செத்திருக்கும். மாரி செல்வராஜ் தன் ‘மாமன்னன்’ இசை வெளியீட்டு மேடையில், கமல் முன்னால் வைத்தே, ‘தேவர் மகன்’ தனக்கு ஏற்படுத்திய காயத்திலிருந்துதான் இந்தப் படம் வந்தது என்று 2023-இல் பேசினார். அவரைத் திட்டியவர்களில் பலர் சென்னையில் இருந்தார்கள். இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஆக, ஒரே மனிதரின் இசை ஒரு தெருவில் மானமாகவும் அடுத்த தெருவில் மிரட்டலாகவும் ஒலிக்கிறது. இரண்டும் உண்மை. ஒன்றைக் கொண்டு மற்றதை அழித்துவிட முடியாது.

இளைய தோழர்களில் பலர் 2022-ஓடு ராஜாவை முடித்துவிட்டார்கள் என்று தெரியும். அந்த ஏப்ரலில், அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்ட ஒரு நூலுக்கு அவர் எழுதிய அணிந்துரை, மோடியைக் கண்டு அம்பேத்கர் பெருமைப்படுவார் என்கிற அளவுக்குப் போனது. சூலையில் மாநிலங்களவை நியமன உறுப்பினர் ஆனார். அந்த அணிந்துரை தவறானது. சனாதனத்தை எரித்த மனிதரைச் சனாதனத்தின் காவலர்களோடு ஒரே தட்டில் வைத்தது. அதைக் கண்டிப்பதில் நமக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அந்த வாரங்களில் முற்போக்கு முகாமிலிருந்தே கிளம்பிய சில வசவுகளையும் மறக்க முடியாது. மோடியைப் புகழ்ந்து எழுதிய, பேசிய இசைக் கலைஞர்கள் எத்தனையோ பேர். அவர்களில் யாருடைய அப்பாவின் தொழிலையும் யாரும் தோண்டவில்லை. ராஜாவுக்கு மட்டும் பிறப்பை நினைவூட்டினார்கள். நன்றி கெட்டவர் என்றார்கள். யாருக்கு நன்றி? எதற்கு?

தன்னைத் தலித் இசைக் கலைஞர் என்று அழைப்பதை அவர் ஒருபோதும் விரும்பியதில்லை. நமக்கு அது ஏமாற்றம்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு தலைமுறைக்கே நெஞ்சு நிமிர்ந்திருக்கும். ஆனாலும் சாதி அடையாளத்தை அறிவிக்கும் கடமையை, அந்த அடையாளத்தால் அடிபட்டவர் மேல் மட்டும் சுமத்துகிற பழக்கத்தை நாம் கேள்வி கேட்க வேண்டாமா? எம்.எஸ். விஸ்வநாதனை யாரும் ‘உங்கள் சமூகத்துக்கு என்ன செய்தீர்கள்’ என்று கேட்டதில்லை. மறைப்பதும் ஒடுக்கப்பட்டவர்கள் உயிர் பிழைக்கக் கற்றுக்கொண்ட வழிகளில் ஒன்று. மறைத்தாலும் விடுவதில்லை என்பதற்கு 2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் அர்த்த மண்டபத்து வாசலே சாட்சி. உள்ளே காலை வைத்தவரை வெளியே நிற்கச் சொன்னார்கள். அர்ச்சகர், ஜீயர் தவிர யாருக்கும் அங்கே அனுமதியில்லை, இது எல்லாருக்கும் பொதுவான மரபு என்று அறநிலையத்துறை விளக்கம் கொடுத்தது. ராஜாவும் தன் சுயமரியாதையை விட்டுக்கொடுக்கவில்லை, வதந்தியை நம்பாதீர்கள் என்று அறிக்கை விட்டார். அவர் சொல்வதை ஏற்றுக்கொள்வோம். அப்படியானால் அர்ச்சகராக யார் வர முடியும் என்பதையும் அதே ‘பொது மரபு’தானே முடிவு செய்கிறது? 81 வயதில், பத்ம விபூஷணோடு, நாடாளுமன்ற உறுப்பினர் பதவியோடு போனாலும் கோடு அங்கேயே இருக்கிறது.

இப்போது பணத்துக்கு வருவோம். ராஜாவைப் பற்றி இணையத்தில் மிக அதிகமாகக் கேலி செய்யப்படுவது அவருடைய இசையோ அரசியலோ இல்லை, காப்புரிமை. 2017-இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் அமெரிக்கக் கச்சேரிகளுக்கு நோட்டீஸ். 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’. 2025-இல் ‘குட் பேட் அக்லி’, அதில் உயர் நீதிமன்ற இடைக்காலத் தடை. ஒவ்வொரு முறையும் ஒரே வசனம்: பேராசை, இவ்வளவு சம்பாதித்தும் போதவில்லையா, பாட்டு மக்களுக்குத்தானே சொந்தம்.

வெளிநாட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். கறுப்பினக் கலைஞர் பிரின்ஸ் 1990-களில் தன் ஒலிப்பதிவு நிறுவனத்தோடு சண்டை போட்டுக் கன்னத்தில் ‘அடிமை’ என்று எழுதிக்கொண்டு மேடை ஏறினார். டெய்லர் ஸ்விஃப்ட் தன் பழைய பாட்டுகளின் உரிமை கைமாறியபோது அந்த ஆல்பங்களையே மறுபடி பாடிப் பதிவு செய்தார். 2025-இல் மூலப் பதிவுகளையும் வாங்கிவிட்டார். நம் ஊர் இளைஞர்கள் அதற்குக் கைதட்டினார்கள், பெண்ணின் சுயமரியாதை என்று பதிவு போட்டார்கள். சரிதான். அதையே பண்ணைப்புரத்துக்காரர் கேட்டால் மட்டும் ஏன் பேராசை ஆகிறது?

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். சினிமாவுக்குக் கூலி வாங்கிப் பாட்டுப் போட்டால் முதல் உரிமை தயாரிப்பாளருக்கு என்பதுதான் நெடுங்காலம் நடைமுறை. 2012 திருத்தம்தான் இசையமைப்பாளரும் பாடலாசிரியரும், திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படுத்தப்படும்போது கிடைக்கும் ராயல்டியைக் கைவிட முடியாதபடி செய்தது. கேசட் காலத்தில் கோடி கோடியாகப் பாட்டு விற்றபோது போட்டவருக்கும் எழுதியவருக்கும் வந்ததைவிட விற்றவருக்குப் போனதே அதிகம். இதில் ராஜாவின் எல்லா வழக்கும் நியாயம் என்று சொல்ல வரவில்லை. நண்பனுக்கு நோட்டீஸ் அனுப்பிய விதம் அழகாக இல்லை. மெட்டுத்தான் பாட்டு, சொல்லுக்குப் பங்கில்லை என்கிற தொனி வரும்போது எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் கேட்பதே தவறு என்கிற மனநிலை எங்கிருந்து வருகிறது?

ஊரில் இசைக்கு நம்மவர்கள் வாங்கிய கூலியை நினைத்துப் பாருங்கள். சாவுக்குப் பறையடிப்பது ஊழியம். கோயிலுக்கு அடிப்பது ஊழியம். களத்தில் அளந்து போடுகிற நெல், ஒரு வேட்டி, மிஞ்சிய சோறு. அடிக்க மாட்டேன் என்றால் ஊர் விலக்கு, அடி. விலை பேசுகிற உரிமை கிடையாது, பெயர் சொல்கிற பேச்சே கிடையாது. ‘பாட்டு மக்களுக்குச் சொந்தம்’ என்று கேட்கும்போது இனிமையாக இருக்கிறது. அந்தச் சொந்தத்தை இரண்டாயிரம் ஆண்டாகத் தாங்கியவர்கள் யார்? அந்த வரிசையில் ஒருவர் எழுந்து, இது என் பாட்டு, என் கையெழுத்து, கேட்டுவிட்டுப் போடு, காசை வை என்றால், கேட்கிற காதுக்கு அது திமிராகத்தான் கேட்கும். முக்கூடற் பள்ளில் கட்டையில் மாட்டப்பட்டவன் பண்ணைக்காரனிடம் கணக்குக் கேட்டிருந்தாலும் அதே சொல்லைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அந்த நியாயம் ராஜாவோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் நம் வழக்கு. அவருடைய ஒலிப்பதிவுக் கூடத்தில் உறுமியும் தவிலும் தபேலாவும் வாசித்தவர்கள் நாள் சம்பளம் வாங்கிப் போனவர்கள். அவர் எடுத்த தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் பெயர் தெரியாத பாட்டிகள் உண்டு. அந்தப் பாட்டிகளின் பேரன்கள் இப்போது தாங்களே பாட வந்துவிட்டார்கள், பழைய கணக்கு அவர்களையும் விடவில்லை. 2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அறிவு எழுதியது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. பா. ரஞ்சித் கேட்ட பிறகு இணைய அட்டை ஒன்று தனியாக வந்தது. 2022 சூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையிலும் பாட்டு இருந்தது, அவர் இல்லை. 2024-இல், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசா வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே சொன்னார். யார் மேல் தவறு என்பதில் அவர்களுக்குள் வேறுபாடு இருக்கலாம். கோடிக் கணக்கில் கேட்கப்படுகிற பாட்டுக்கும் இந்தக் கதிதான் என்பதில் வேறுபாடு இல்லை.

நெல்லையில் இன்னும் பக்கத்தில் பார்க்கலாம். ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் கதிரின் அப்பாவாக, பெண் வேடமிட்டு ஆடும் கூத்துக் கலைஞராக வந்து நம் எல்லாரையும் உலுக்கிய நெல்லை தங்கராசு உண்மையிலேயே அந்தக் கலைஞர்தான். படம் நாடெங்கும் பேசப்பட்டது. அவர் வறுமையிலேயே வாழ்ந்து 2023 பிப்ரவரியில் மறைந்தார். சுடலைமாடன் கொடைகளில் மகுடம் அடித்து விடிய விடியக் கதை பாடுகிற கணியான்களுக்கும், வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறவர்களுக்கும், நையாண்டி மேளக்காரர்களுக்கும் எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. யாரோ செல்போனில் பிடித்துப் போட்ட அவர்களுடைய வீடியோவுக்கு இலட்சக்கணக்கில் பார்வை வருகிறது. விளம்பரக் காசு சேனல்காரருக்கு.

2025 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ராஜாவுக்குப் பெரிய பாராட்டு விழா எடுத்தது, அவர் பெயரில் ஆண்டுதோறும் விருது என்றும் அறிவித்தது. நல்லது. அந்த விருது இன்னொரு சினிமாக்காரர் கழுத்தில் விழுகிற மாலையாகிவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கலை பண்பாட்டுத் துறைக்கு இருக்கிறது. மகுடம் அடிக்கிறவருக்கும் பறை இசைப்பவருக்கும் அதைக் கொடுக்கலாம். அவர்கள் பாடுவதை முறையாகப் பதிவு செய்து, பாடியவர் பெயரோடும் உரிமையோடும் வெளியிடலாம். அதற்கு ஆகிற செலவு, ஒரு பாராட்டு விழாவின் மேடைச் செலவைவிடக் குறைவு.

அரசு செய்யும்போது செய்யட்டும். சீவலப்பேரிப் பக்கத்துத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. கொடைக்கு நோட்டீஸ் அடிக்கும்போது வரிதாரர்கள் பெயர் வரும், தலைவர் பெயர் வரும், அன்னதானம் போட்டவர் பெயர் வரும், ரேடியோ செட் கடையின் பெயரும் போன் நம்பரோடு வரும். மேளம் என்ற இடத்தில் ‘நையாண்டி மேளம்’ என்று மட்டும் இருக்கும். அந்த எட்டுப் பேருடைய பெயரையும் அடிக்க வேண்டும் என்று விழாக் கமிட்டியில் கேட்டுப் பாருங்கள். எந்தப் பாட்டை எந்தத் தெருவில் போடக் கூடாது என்பதையும் அதே கூட்டத்தில் பேசுங்கள். என்ன பதில் வந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள், பெயர் போடாமல் வெளியிடுகிறோம்.